திமிலில் தண்ணீர் இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு சிறுவர் பகுதியில் ஒட்டகப் படம் போட்டு, அது திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். என் பேத்தி அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். போன பரீட்சையில் திமிலில் இருப்பது கொழுப்பு என்று எழுதி ஒரு மார்க்கைப் பறிகொடுத்தவள் அவள். அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

சவூதியில் ஹாயில் பக்கம் 17 வருடம் தண்ணி லாரி ஓட்டினேன். பாலைவனத்துக்குள் ஒட்டகப் பட்டிகளுக்கும் தண்ணீர் கொண்டுபோவேன். கோடையில் ஒரு வாரம் தண்ணீரையே பார்க்காத ஒட்டகம் எப்படி இருக்கும் தெரியுமா? வயிறு ஒட்டிப்போய், விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அது தொட்டியில் வாயை வைத்ததும், தாழ்ந்த கழுத்து வழியாக ஒவ்வொரு மடக்கும் மேலேறிப் போவது கண்ணுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நூறு லிட்டர் காலி. விலா நிரம்பிவிடும்; திமில் மட்டும் வந்தபோது இருந்த மாதிரியே இருக்கும். பட்டியைப் பார்த்துக்கொண்ட சூடான்காரர் சொல்வார், திமில் சரிவது பசியால்தான், தாகத்தால் இல்லை என்று. தீவனம் இல்லாத ஒட்டகத்தின் திமில் வெறும் பை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கொழுப்பு எரிந்தால் தண்ணீர் வருமே என்று சிலர் கேட்பார்கள். வரும். ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலேயே வரும். ஆனால் அதை எரிக்கக் காற்றை இழுத்தாக வேண்டும். அந்த வறண்ட காற்றில் மூச்சோடு போகும் ஈரம் வந்ததைவிட அதிகம். வரவு எட்டணா, செலவு பத்தணா கதைதான்.

ஒட்டகத்தின் சாமர்த்தியம் சிக்கனத்தில் இருக்கிறது. 1950களில் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி சகாராவில் தங்கி இதை அளந்து பார்த்திருக்கிறார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் சூடு விடியற்காலையில் 34 டிகிரி, சாயங்காலம் 41 வரை ஏறுகிறது. நமக்கு 41 என்றால் ஆஸ்பத்திரிதான். அது வியர்வை சிந்தாமல் சூட்டை உடம்பிலேயே தாங்கிக்கொண்டு, ராத்திரிக் குளிரில் விட்டுவிடுகிறது. இதில் மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் மிச்சம். ரோமத்தை மழித்த ஒட்டகத்துக்கு ஒன்றரை மடங்கு வியர்வை போனதையும் அவர் கண்டார். வெயிலில் கம்பளி எதற்கு என்று நான் சிரித்தது தப்பு.

உடல் எடையில் கால்வாசி தண்ணீராகப் போனாலும் அது நடமாடும். அதில் பாதி போனாலே நம் உயிருக்கு ஆபத்து. வற்றிய உடம்பில் ஒரே மூச்சில் அவ்வளவு தண்ணீர் இறங்கினால் மற்ற பல பிராணிகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். ஒட்டகத்துக்கு அவை முட்டை வடிவம். இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் தாங்கும்.

உச்சி வெயிலில் அவை சூரியனைப் பார்த்தபடி ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும். முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. முகம் நேரே இருந்தால் விலாப்பக்கம் வெயிலுக்குத் தப்பும், நெருங்கிப் படுத்தால் பக்கத்து ஒட்டகம் மறைக்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. மூக்கிலிருந்து கசியும் ஈரம்கூட ஒரு பள்ளம் வழியாகப் பிளந்த மேலுதட்டுக்கே திரும்பி வந்துவிடும். சிறுநீர் பாகு மாதிரி. சாணமோ பேரீச்சங்கொட்டை போலக் காய்ந்து கிடக்கும். சூடான்காரர் அதை எரித்துத்தான் எனக்கு டீ போட்டுக் கொடுப்பார்.

வரும் ஞாயிறு அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். பேத்தி கத்தரிக்கோலோடு காத்திருக்கிறாள். அதை வெட்டி டீச்சரிடம் காட்டி அந்த ஒரு மார்க்கைக் கேட்கப் போகிறாளாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்,
கீழக்கரை.