கடற்கரைப் பிள்ளைகள் முயல்வதில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரக் கல்வி இணைப்பில், கல்லூரி நுழைவுத் தேர்வுகளில் வரும் ஆங்கில இலக்கணப் பிழை காணும் பகுதியைப் பற்றி, கேள்வி விடைகளோடு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டிய விஷயம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி: 'கடலோர மாவட்ட மாணவர்கள் இந்தப் பகுதியை முயன்றுகூடப் பார்ப்பதில்லை.' இதை எழுதியவர் எங்கள் பக்கம் எந்தப் பிள்ளையிடம் பேசிவிட்டு எழுதினார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நான் தங்கச்சிமடத்தில் சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். 2022-ல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு, கியூட், வந்ததிலிருந்து திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், அதைவிட ஆசையாகக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேட்கிறார்கள். கப்பலில் ஆபீசராகப் போக, பத்தாவதிலோ பிளஸ் டூவிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம் வேண்டும், அப்புறம் நுழைவுத் தேர்விலும் ஆங்கிலப் பகுதி உண்டு. இது தெரிந்துதான் வந்து உட்காருகிறார்கள்.

பிள்ளைகள் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்றாவது கட்டுரை சொல்லியிருக்கலாம். 'ஒன் ஆஃப் த போட்ஸ் ஹேவ் ரிட்டர்ன்ட்' என்று இருந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். 'படகுகளில் ஒன்று வந்துவிட்டது' என்னும்போது ஒன்று என்பது வினைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தடுமாற இடமில்லை. ஆங்கிலத்தில் நடுவே போட்ஸ் வந்து நின்றுகொள்கிறது, ஹேஸ் வர வேண்டிய இடத்தில் ஹேவ் வந்தாலும் காதுக்கு உறுத்துவதில்லை. 'பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதே பழக்கத்தில் 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதும் சரியாகவே படுகிறது, அங்கே 'ஹேவ் பீன் லிவிங்' வேண்டும். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைதான் இந்த இடங்களில் விழும். பள்ளியில் பிழையைத் திருத்தி எழுதிப் பழகியவர்களுக்கு, வாக்கியத்தை நாலு துண்டாக வெட்டி எந்தத் துண்டில் பிழை என்று கேட்டால் பதற்றம் வருகிறது. 'பிழை இல்லை' என்ற விடையைத் தொடவே பயப்படுகிறார்கள்.

என்னிடம் படிக்கும் ஒரு பெண், லீவு நாளில் அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போகிறவள். ஜெராக்ஸ் எடுத்த பழைய வினாத்தாளில் எழுவாயைப் பென்சிலால் வட்டமிட்டு, வினைக்கு அடியில் கோடு போட்டு, நடுவில் 'ஆஃப்' என்று தொடங்கும் சொற்களை அடைப்புக்குள் தள்ளிவிட்டு, அப்புறம்தான் விடைக்கே வருவாள். அவள்தான் உங்கள் கட்டுரையில் இருந்த மூன்றாம் கேள்வியைக் கொண்டுவந்து காட்டினாள். 'ஈச் ஆஃப் த ஸ்டூடண்ட்ஸ் ஹேவ் எ புக்', விடை: பிழை இல்லை. ஹேஸ் என்று வர வேண்டும் ஐயா. "பேப்பர்லயே போட்டிருக்கே டீச்சர், அப்போ நான் படிச்சது தப்பா?" என்று கேட்டாள். முயன்று பார்ப்பதில்லை என்று நீங்கள் அச்சடித்த பிள்ளை அவள்.

எங்கள் ஊர்ப் பெயர் உங்கள் பத்திரிகையில் எப்போது வருகிறது? மீனவர் கைதானால் வரும், படகைப் பிடித்துப் போனால் வரும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் வரும், கலாம் ஐயா பிறந்தநாளுக்கு ஒரு படம் வரும். அவர் பிறந்த தீவில் இப்போது படிக்கிற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு ஒருவரும் வந்ததில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் கிடையாது, நுழைவுத் தேர்வுகளும் அந்த நேரத்தில்தான் வருகின்றன. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட யாரால் முடியும்? மதுரையில் தேர்வு மையம் போட்டால் முதல் நாளே பஸ் ஏற வேண்டும், கூட ஒரு ஆள் போக வேண்டும், தங்க வேண்டும். இதைப் பற்றிப் போன வருஷமே உங்களுக்கு எழுதினேன். பிரசுரிக்கவும் இல்லை, ஒரு பதிலும் இல்லை. வருத்தம் இருந்தது, சரி, வேலை நிறைய இருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்த வரியை அப்படி விட முடியவில்லை.

மூன்றாம் கேள்வியின் விடையைத் திருத்தி அதே பக்கத்தில், கண்ணில் படுகிற அளவில் போடுங்கள். ஜனவரியிலிருந்து எங்கள் மாவட்டப் பதிப்பில் வாரம் ஐந்து பிழை காணும் கேள்விகள் கொடுங்கள், எது தப்பு, ஏன் தப்பு என்று தமிழில் இரண்டு வரி விளக்கத்தோடு. கேள்விகள் தயாரிக்க ஆள் இல்லை என்றால் நான் எழுதி அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.