காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துச் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், எழுதிக்கொள்வது.

அறுப்பு முடிந்து வைக்கோல் படப்பு ஏறுகிற நேரம் இது. களத்திலேயே மரக்காலில் நெல்லை அளந்து கொடுத்துக் கணக்குத் தீர்த்த காலம் போய்விட்டது. இப்போது செல்போனில் கூலியைப் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். கூலி கொடுத்தாயிற்று, சரி. ஆனால் பழுதைப் பார்த்ததோடு நிற்காமல், ‘இது ஏன் போச்சு தெரியுமா’ என்று அஞ்சு நிமிசம் நின்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அதற்கு நீங்கள் யாரும் பில் போடவில்லை. இந்த மடல் அந்த அஞ்சு நிமிசத்துக்காக.

முதலில் மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுற்று) கட்டுகிற அண்ணனுக்கு. எரிந்த சப்மெர்சிபிள் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால் ‘எவ்வளவு ஆகும்’ என்றுதான் யாரும் கேட்பார்கள். நீங்கள் கருகின காயிலை விரலால் எண்ணிக் காட்டுவீர்கள். மூன்று பேஸ் சுற்றையும் ஒரு முனையில் சேர்த்து ஸ்டாரில் கட்டின மோட்டாரில் இரண்டு பேஸ் கருகி ஒன்று புதுசு மாதிரி மின்னினால், லைனில் ஒரு பேஸ் விட்டுப்போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது. ஒன்றன் முனையில் அடுத்ததைக் கோத்து டெல்டாவில் கட்டினதென்றால் அதே கோளாறுக்கு ஒன்று மட்டும் கருகும், இரண்டு தப்பிக்கும். மூன்றும் ஒன்றுபோலக் கருகியிருந்தால் பேஸைக் குறை சொல்லக் கூடாது. லோ வோல்டேஜில் வெகுநேரம் ஓட்டியிருக்கிறோம், இல்லையென்றால் மணல் ஏறி இம்பெல்லர் இறுகியிருக்கிறது. காரணம் தெரியாமல் காயிலை மட்டும் கட்டி இறக்கினால் அதே மோட்டார் அதே மாதத்தில் மேலே வரும். ஸ்டார்ட்டரில், லோடு கூடினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் போட்டிருக்கிற ஆம்பியருக்கு மேலே திருப்பி வைப்பது, டூ பேஸில் கண்டன்சரை நம்பி ஓட்டுவது, இந்த இரண்டு பழக்கத்தையும் நீங்கள் திட்டித்தான் நிறுத்தினீர்கள். திட்டுக்கும் நன்றி.

மோட்டாரைப் போர்க் குழிக்குள் இறக்குகிற முறையும் உங்களிடம் கற்றதுதான். உள்ளே நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரை மெல்ல ஆட்டி, குமிழி வருவது நிற்கிறவரை பொறுத்து, மறுபடி நிரப்பித்தான் பிளக்கை மூட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சுழல்கிற தண்டைத் தாங்குகிற புஷ்ஷுக்கு ஆயில். காற்று நின்ற இடத்தில் புஷ் காய்ந்து தேயும். கேபிள் ஜாயின்ட் போட்டதும் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று காட்டுகிற மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். இறக்கின பிறகு இன்னொரு தரம். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் சோம்பல் படாமல் மேலே ஏற்றிவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் அரைக் குழாய்தான் வருகிறதா? மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும். இதற்காகப் பைப்பை முழுக்க உருவிப் பார்த்தவர்கள் உண்டு.

லைன்மேன் தம்பிகளுக்கு. மழையில் டிரான்ஸ்பார்மர் பீஸ் (ஃபியூஸ்) போனால் மூங்கில் கம்பால் நாங்களே தட்டிப் போடுகிற வேலையை நீங்கள் வந்து வந்து தடுத்தீர்கள். போஸ்டை இழுத்துக் கட்டின ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டாதே என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் சொல்கிறீர்கள். ஈர மண்ணில் நாலு காலும் ஊன்றி நிற்கிற மாட்டுக்கு, நமக்கு ‘சுருக்’ என்று படுகிற கரண்டே போதும். இதைச் சொன்ன பிறகும் கட்டுகிறவனை என்ன செய்வது!

இனி டிராக்டர் மெக்கானிக்குக்கு. இங்கேதான் கடன் அதிகம்.

பெரியாற்றுப் பாசனத்தில் மேலூர் ஒருபோகப் பகுதி மட்டும் 85,563 ஏக்கர். திறப்பது 120 நாள் தண்ணீர். மடை திறந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொளி உழவு (சேற்று உழவு) வேண்டும். முறைத் தண்ணீர் வருகிற நாளில், டிராக்டருக்குப் பின்னால் மாட்டி உழுகிற ரோட்டவேட்டர் நின்றால் அந்த முறை போயிற்று. அப்படி நின்ற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து நீங்கள் காட்டிய இடம் ஒன்றே ஒன்று: பிளேடு சுழல்கிற ரோட்டர் முடிகிற ஓரம், பேரிங் வீட்டை ஒட்டின இரண்டு விரல் இடைவெளி. உரச்சாக்கு நூல், நைலான் கயிறு, மக்காத வைக்கோல் எல்லாம் அங்கே போய்ச் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இறுகும். இறுகினது ஆயில் சீலின் உதட்டை அறுக்கும். அறுந்த வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும், 90-ஆம் நம்பர் ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகும். அதற்கப்புறம் பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்பது அதன் தலையெழுத்து. மலிவான சீலில் தொடங்கி விலையான கியரில் போய் முடிகிற சங்கிலி இது. மருந்து என்னவோ ஒரு கருக்கரிவாள்தான். ஒவ்வொரு வயலும் முடிந்ததும் வண்டியை அணைத்து, டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கிற பிடிஓவை விடுவித்து, இறங்கி அறுத்து எடுக்க வேண்டும். அணைக்காமல் கையை விடுகிறவனுக்கு இந்த மடலில் இடமில்லை.

ஆயிலில் தண்ணீர் இறங்கியதா என்று பார்க்க நீங்கள் சொன்ன வழி சுலபமானது. ராத்திரி வண்டி நின்றபின் தண்ணீர் அடியில் தங்கிவிடும். விடியற்காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், வடிப்பு நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று தெரிந்துவிடும். ஓட்டி முடித்த பிறகு பார்த்தால் எல்லாம் கலங்கிக் கிடக்கும், ஒன்றும் புரியாது.

பிளேடு மாற்றுகிறபோது எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு மாட்டக் கூடாது. ஒன்றைக் கழற்று, ஒன்றை மாட்டு. வலது பிளேடும் இடது பிளேடும் சுருள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைத் தொட வேண்டும். வரிசை மாறினால் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் அடித்து வண்டி குதிக்கும், போல்ட் தளரும். புது போல்ட்டை ஒரு மணி நேரம் ஓட்டின பிறகு மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதும் உங்கள் சட்டம்தான். ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறதென்று கெட்டியான போல்ட்டைப் போட்டவர்களுக்கு நீங்கள் சொன்ன பதில் இன்னும் ஊரில் ஓடுகிறது: ‘உடையறதுக்குத்தான்யா அதுக்குச் சம்பளம்.’ அது உடையவில்லையென்றால் கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு) உடையும், இல்லையென்றால் கியர்பாக்ஸ்.

லேத் பட்டறை அண்ணனுக்கும் இதே இடத்தில் ஒரு கும்பிடு. முறுக்கின பிடிஓ ஷாஃப்டைப் பற்றவைத்துத் தரச் சொன்னால் நீங்கள் மாட்டேன் என்பீர்கள். நிமிசத்துக்கு 540 சுற்று சுற்றுகிற சாமான் அது. பற்றின இடம் ஒரு நூல் விலகினாலும் உதறும், உதறலில் பேரிங் போகும், பிய்ந்தால் ஆளே போய்விடும். வருமானத்தை விட்டுவிட்டு அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

டீசல் தீர்ந்து காற்றுப் பிடித்த வண்டிக்கு அர்த்த ராத்திரியில் போனிலேயே வழி சொன்னவர்களும் நீங்கள்தான். டேங்கை நிரப்பு. பில்டர் தலையில் இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்து. கை பம்ப்பை அடி. நுரையில்லாமல் டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்கு. அடுத்து டீசல் பம்ப்பில் இருக்கிற ஸ்குரூவுக்கும் அதே மாதிரி. பிறகுதான் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிப்பது. இந்த வரிசையை மாற்றி, முதலிலேயே செல்ஃபை அடித்துக்கொண்டிருந்தால் பேட்டரி இறங்குவதுதான் மிச்சம். மறுபடி மறுபடி காற்றுப் பிடித்தால் பைப் வாஷரைப் பார்க்க வேண்டும்; பழைய செம்பு வாஷரைத் திரும்பப் போட்டிருப்போம்.

அறுவடை மெஷின் ஓட்டுநர்களுக்கு. வரிசையில் நாற்பது பேர் நின்றாலும் பனி உலராமல் கத்தியை இறக்க மாட்டேன் என்றீர்கள், அப்போது கோபம்தான் வந்தது. பனியில் நனைந்த தாள் டிரம்மில் சுற்றும், சல்லடை அடைக்கும், மணி வைக்கோலோடு பின்னால் போகும். அள்ளின நெல்லும் ஈரம் கூடிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதக் கணக்கில் இடிக்கும். பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு தொல்லையும் இல்லை. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிடு, இல்லையென்றால் டயர் மெஷின் இறங்காது, பெல்ட் மெஷினுக்கு வாடகை கூடும் என்றீர்கள். மெஷின் பின்னால் ஒரு படுதாவைப் பிடித்து விழுவதை ஊதிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். நல்ல மணி விழுந்தால் காற்று அதிகம், பெட்டியில் பதர் நிறைந்தால் காற்று குறைவு. விதைநெல்லுக்கு டிரம் வேகத்தைக் குறைக்கிற கவனம் எல்லோரிடமும் இல்லை. உங்களில் சிலரிடம் இருந்தது, அவர்களுக்குத் தெரியும்.

மாட்டு டாக்டரம்மாவுக்கும், கால்நடை ஆய்வாளர் அய்யாவுக்கும், 1962-க்குப் போன் அடித்தால் வருகிற கால்நடை ஆம்புலன்ஸ் வண்டியில் இருக்கிற தம்பிகளுக்கும்.

கார்த்திகையிலிருந்து தை வரை நம் பக்கத்தில் குளிரென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஈரம்தான் எதிரி. அதை நீங்கள் சொல்லாதவரை கன்றுக்குட்டி கொட்டகையை நாலு பக்கமும் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தோம். சாரல் அடிக்கிற வடகிழக்குப் பக்கம் மட்டும் சாக்குக் கட்டு, கூரைக்குக் கீழே இரண்டடி திறந்து விடு. உள்ளே நுழைந்து குட்டியின் உயரத்துக்குக் குனி. மூத்திர நெடியில் உன் கண் எரிந்தால் அதன் நெஞ்சும் எரிகிறது, சளி பிடிப்பது அதனால்தான். தரைக்கு மணலும் சாம்பலும், மேலே காய்ந்த வைக்கோல். முழங்காலை ஊன்றிப் பார். வேட்டி நனைந்தால் மாற்று.

சீம்பால் விஷயம் இன்னும் பெரிது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்கு ஊட்டணும் என்பது பாட்டி காலத்துப் பேச்சு. கொடி விழ எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். சீம்பாலில் இருக்கிற எதிர்ப்புச் சத்தை உறிஞ்சிக்கொள்கிற சக்தி கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்துகொண்டே வந்து ஒரு நாளில் அடைத்துவிடும். எனவே முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு. முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். ஊட்டினால் கொடியும் சீக்கிரம் விழும் என்று சொல்லி மூத்தவர்களையும் சம்மதிக்க வைத்தீர்களே டாக்டரம்மா, அது பேச்சு சாமர்த்தியம் மட்டுமில்லை. காம்பைச் சப்பச் சப்ப கர்ப்பப்பை சுருங்குவது உண்மைதான்.

மடிநோய்க்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்கிற மூலிகைக் கலவை இப்போது தெருவுக்குத் தெரு தெரியும்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் சிவப்பாக வரும். பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கை விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தரம், ஐந்து நாள். இரண்டு தரம் தடவிவிட்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். காய்ச்சல் இருந்தாலோ மாடு தீனியை விட்டாலோ ஊசிதான், காத்திருக்கக் கூடாது என்றும் கூடவே சொன்னீர்கள். கறந்ததும் மாட்டுக்கு முன்னால் தீவனத்தை வைக்கச் சொன்னதற்குக் காரணமும் விளங்கியது. காம்புத் துவாரம் மூட அரை மணி ஆகும். அதுவரை மாடு ஈரத் தரையில் படுக்காமல் தின்றுகொண்டு நிற்க வேண்டும்.

செம்மறியாட்டுக்கு நீங்கள் செய்தது தனி. நீலநாக்கு நோயைப் பரப்புவது மழைக்குப் பின் பெருகுகிற பொடிப்பூச்சி, அது அந்தி நேரத்தில் அதிகம் கடிக்கும். அதனால் நொச்சியும் வேம்பும் போட்டு மூட்டம் போடுவது பொழுது சாயும்போதே இருக்க வேண்டும், படுக்கப் போகும்போது அல்ல. உதடு வீங்கி மூக்கு ஒழுகுகிற ஆட்டின் குளம்புக்கு மேல் விளிம்பு சிவந்திருக்கிறதா என்று முடியை விலக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஆடு திடீரென்று துள்ளி விழுந்து சாகிற துள்ளுமாரிக்குத் தடுப்பூசி மழைக்கு முன்னால். புதுப்புல்லை வயிறு முட்ட மேய்ந்த பிறகு போட்டுப் பயனில்லை. பனிப்புல்லில் ஒன்பது மணிக்கு முன் மேய்க்காதே, புழுக்குஞ்சு ஈரத்தோடு புல் நுனிக்கு ஏறி நிற்கும். கீழ் இமையைப் புரட்டு: சிவப்பென்றால் விடு, வெளுத்திருந்தால் குடற்புழு மருந்து. எல்லா ஆட்டுக்கும் கண்மூடித்தனமாக ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும்.

கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சார்பாக ஒன்று. இளஞ்சோளத்தை மாடு மேய்ந்து விழுந்தபோது ஊசியோடு ஓடி வந்தீர்கள். முழங்கால் உயரத்தில் மழையில்லாமல் வாடின சோளத்தில்தான் விஷம் கூடுதல். பூ எடுத்த பிறகு அறுத்துப் போடுவது நல்லது. அதை வரப்பில் நின்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னீர்கள்.

கடைசியாக, அறுத்த வயலில் ராத்திரி மந்தையை அடைத்து ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரி அய்யாக்களுக்கு. ஒரே இடத்தில் அமர்த்தாமல் ராத்திரிக்கு ராத்திரி வலையை நகர்த்திப் போடுவதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பேலர் மெஷின் கட்டின வைக்கோல் கட்டைப் பிரித்ததும் கைவிட்டு நடுவில் முகர்ந்து பார்த்து, வெள்ளைப் பூஞ்சை இருந்தால் ‘இதை மாட்டுக்குப் போடாதீங்க’ என்று எடுத்து எறிந்தீர்கள். ஈரத்தோடு கட்டினது எங்கள் தப்பு.

மெக்கானிக் அண்ணே, ரோட்டவேட்டரைக் கழுவி, பிளேடுக்குப் பழைய ஆயில் தடவி, கட்டையேற்றி வைத்தாயிற்று. இடது பக்கச் சீலில் லேசாகக் கசிகிறது. பொங்கல் கழித்து ஒரு எட்டு வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
மேலூர் பக்கத்துச் சம்சாரிகள்