பார்வோன் சொன்ன ‘நாளைக்கு’

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. “கர்த்தரே பார்வோன் மனசைக் கடினப்படுத்துவாராம், அப்புறம் ஏன்டா கடினப்பட்டேன்னு அவனையே அடிப்பாராம், இது என்ன நியாயம்க்கா?” என்று கேட்டிருக்கிறாய். வேதபாட வகுப்பில் இதையே கேட்டதற்கு பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்திலிருந்து 9:20ஐ நீட்டி, ‘தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?’ என்று உட்கார வைத்துவிட்டார்கள் என்றும் சொல்கிறாய். கேள்வி கேட்கிற பிள்ளைகளின் வாயை அடைக்க அந்த ஒரு வசனம் படுகிற பாடு கொஞ்சமல்ல. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தவளைகள்.

யாத்திராகமம் 8ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசி. அடிமைகளான இஸ்ரவேலரைப் போகவிட எகிப்தின் ராஜா பார்வோன் மறுத்ததால் கர்த்தர் அனுப்பின வாதைகளில் ஒன்று இது. எகிப்து முழுக்கத் தவளை. படுக்கையில், அடுப்பில், மாப்பிசைகிற தொட்டியில். மந்திரவாதிகளும் தங்கள் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தவளைகளை வரவழைக்கிறார்கள். (இருக்கிற தவளை போதாதா? அவர்களால் கூட்டத்தான் முடிகிறது, குறைக்க முடியவில்லை.) பார்வோன் மோசேயைக் கூப்பிட்டு, தவளைகளைப் போக்கும்படி உங்கள் கர்த்தரிடம் வேண்டிக்கொள்ளுங்கள், ஜனங்களைப் போகவிடுகிறேன் என்கிறான். மோசே மரியாதையாகக் கேட்கிறார்: எப்போது வேண்டிக்கொள்ள வேண்டும், காலத்தை நீரே குறித்துச் சொல்லும்.

பார்வோன் சொல்கிறான்: “நாளைக்கு.”

இப்போதே என்று ஏன் சொல்லவில்லை? இன்னும் ஒரு ராத்திரி தவளைகளோடு படுத்துக்கொள்ள யாருக்கு ஆசை? ராத்திரிக்குள் அதுவாகவே போய்விடும், மோசேக்கு நன்றிக்கடன் படாமல் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பானோ? அடிமைகளின் கடவுளிடம் உடனே கையேந்தக் கூச்சமோ? கதை காரணம் சொல்லவில்லை. ஆனால் சூத்திரக் கயிற்றில் ஆடும் பொம்மை ‘நாளைக்கு’ என்று சொல்லாது. அந்த ஒரு சொல்லில் கர்வம், தயக்கம், தந்திரம் எல்லாம் உள்ள ஒரு முழு மனுஷன் தெரிகிறான். மறுநாள் தவளைகள் செத்து, குவியல் குவியலாகக் கிடந்து, தேசமே நாறுகிறது. “இலகுவுண்டாயிற்று” என்று கண்டதும் பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். கடினப்படுத்துகிறவன் இங்கே அவன்தான்.

அந்த ‘இலகுவுண்டாயிற்று’ என்பதைக் கோடு போட்டு வைத்துக்கொள். வலிக்கும்போது இறங்கி வருவது, வலி நின்றதும் பேச்சை மாற்றுவது, இதுதான் அவன் வாடிக்கை. பிறகு நடப்பதெல்லாம் சந்தைப் பேரம். இங்கேயே பலியிடுங்கள் என்கிறான். சரி, போங்கள், ஆனால் அதிக தூரம் போகாதீர்கள் என்கிறான். ஆண்கள் மட்டும் போகட்டும் என்கிறான். கடைசியில் பிள்ளைகளும் போகட்டும், ஆடுமாடுகளை விட்டுப் போங்கள் என்கிறான். கல்மழை நேரத்தில், “நான் இந்த முறை பாவம் செய்தேன், கர்த்தர் நீதியுள்ளவர்” என்றே வாய்விட்டுச் சொல்கிறான். தேவநீதியைப் பற்றி நீயும் நானும் வாதாடிக்கொண்டிருக்கிறோம், அவனோ தீர்ப்பே எழுதிக் கொடுத்துவிட்டான். மழை நின்றது, பழைய குருடி கதவைத் திறடி.

இனி உன் கேள்வி. முதல் ஐந்து வாதைகளில் பார்வோன் தானே கடினப்படுத்திக்கொண்டான், ஆறாவதிலிருந்துதான் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பாய். அது பாதி சரி. கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நடந்த செயலாக முதலில் வருவது கொப்புளங்களுக்குப் பிறகு, 9:12இல். ஆனால் மோசே எகிப்துக்குக் கிளம்பும்போதே, 4:21இல், நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று சொல்லியாகிவிட்டது. ஏழாவது வாதைக்குப் பிறகு, 9:34இல், பார்வோன் திரும்பவும் தானே கடினப்படுத்துகிறான். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே கர்த்தர், நான்தான் கடினப்படுத்தினேன் என்கிறார். ஒரே செயலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள், அதுவும் இரண்டு மூன்று வசன இடைவெளியில்! இதை எழுதியவருக்கு இதில் முரண்பாடே தென்பட்டிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமக்குத்தான் உறுத்துகிறது.

நமக்கு மட்டுமல்ல, பெரிய தலைகளுக்கும் உறுத்தியிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், அதே எகிப்தில் குடியிருந்துகொண்டு, இதற்குப் பதில் எழுதினார். பார்வோன் முதலில் தன் சொந்த விருப்பத்தில் கொடுமை செய்தான். மனந்திரும்பும் வாசலை அடைத்ததே அதற்கான தண்டனை என்பது அவர் வாதம். இஸ்ரவேலரின் ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொன்ன ராஜா 2ஆம் அதிகாரத்திலேயே செத்துப்போகிறானே என்று நீ மடக்கலாம். உண்மைதான், ஆனால் அடுத்து வந்தவனும் லேசுப்பட்டவன் அல்ல. வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்றவன் அவன். ‘கர்த்தர் யார்? அவரை எனக்குத் தெரியாது’ என்றவனும் அவன்தான்.

ஐரோப்பாவில் 1524இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் மனுஷ சித்தத்துக்குச் சுதந்தரம் உண்டு என்று எழுத, அடுத்த வருஷமே சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் இல்லை, அது அடிமைப்பட்டது என்று பதில் எழுதினார். இரண்டு பேரும் பார்வோனைச் சாட்சிக்கு இழுத்தார்கள். அந்தச் சண்டைக்குள் உன்னை இழுக்கப்போவதில்லை. நம் சபைகளில் பாதிப் பேர் எராஸ்மஸ் மாதிரி யோசித்துக்கொண்டு லூத்தர் மாதிரி ஜெபிக்கிறவர்கள்.

எனக்குப் பிடித்த பதில் இத்தாலியில் வாழ்ந்த ஒபதியா ஸ்ஃபோர்னோ என்ற யூத உரையாசிரியருடையது, 16ஆம் நூற்றாண்டு. அவர் தலைகீழாக யோசிக்கிறார். உடம்பெல்லாம் கொப்புளம் வந்தால் எவனும் பணிந்துவிடுவான். அது மனந்திரும்புதல் ஆகாது, வலி தாங்காத சரணாகதி. அப்படிப் பணிந்துவிடாமல் தாங்கும் திடத்தைக் கர்த்தர் கொடுத்தார், மனந்திரும்புவதானால் அவன் உண்மையாகத் திரும்பட்டும் என்பதற்காக. அதாவது கடினப்படுத்தினது அவன் சுதந்தரத்தைப் பறிக்க அல்ல, காப்பாற்ற. எல்லா வசனத்துக்கும் இது பொருந்துகிறது என்று சொல்ல மாட்டேன்; செங்கடல் ஓரத்தில் கர்த்தர் அவனைத் திரும்பவும் கடினப்படுத்துகிற 14ஆம் அதிகாரத்துக்குக் கஷ்டப்பட்டுத்தான் பொருத்த வேண்டும். ஆனால் தவளைக் கதையைக் கவனித்து வாசித்த மனுஷனால்தான் இப்படி எழுத முடியும்.

இன்னொன்று. அந்த அரண்மனையில் சித்தம் இருந்தது பார்வோன் ஒருவனுக்கு மட்டும் அல்ல. கல்மழை எச்சரிப்பைக் கேட்டுப் பயந்த ஊழியக்காரர் தங்கள் வேலைக்காரரையும் மிருகங்களையும் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டார்கள், மற்றவர்கள் வெளியில் விட்டார்கள் என்று யாத்திராகமம் 9:20, 21 சொல்கிறது. அவனுடைய ஆட்களே முகத்துக்கு நேராக, எகிப்து அழிந்துபோனது உமக்கு இன்னும் தெரியவில்லையா என்று கேட்கிறார்கள். முன்பே சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் ராஜகட்டளையை மீறியிருக்கிறார்கள். முந்தின ராஜாவின் மகளே மீறியிருக்கிறாள். ரொம்பக் காலம் கழித்து, பெலிஸ்தரின் பூசாரிகள்கூட, எகிப்தியரும் பார்வோனும் கடினப்படுத்தினதுபோல நீங்கள் ஏன் கடினப்படுத்த வேண்டும் என்று தங்கள் ஜனங்களைக் கேட்கிறார்கள் (1 சாமுவேல் 6:6). வேற்று மதத்து ஆட்கள் இந்தக் கதையைத் தவிர்க்கக்கூடிய ஒரு தப்பாகப் புரிந்துகொண்டார்கள், விதியாக அல்ல.

ரோமர் 9க்கு வருகிறேன் என்றேனே. அங்கே பவுல் பார்வோனைச் சொல்லிவிட்டு, களிமண் குயவனை ஏன் என்று கேட்கலாமா என்கிறார். குயவன் உவமை ஏசாயாவிலும் எரேமியாவிலும் ஏற்கெனவே உள்ளது. எரேமியா 18இல் தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார். கையிலிருந்த மண்பாண்டம் கெட்டுப்போகிறது, குயவன் அதே மண்ணை வேறு பாண்டமாக வனைகிறான். உடனே வருகிற விளக்கம் என்ன? ஒரு ஜாதியை அழிப்பேன் என்று நான் சொல்லியிருந்தாலும், அந்த ஜாதி தன் தீங்கைவிட்டுத் திரும்பினால், நானும் செய்ய நினைத்த தீங்கைச் செய்யாமல் மனஸ்தாபப்படுவேன். அங்கே குயவன் மண்ணுக்குத் தக்கபடி தன் திட்டத்தை மாற்றுகிறான். பவுலும் 9ஆம் அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. எல்லாருக்கும் இரங்கும்படியாகவே தேவன் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்துப்போட்டார் என்று 11:32இல் முடிக்கிறார். நடுவில் ஒரு வசனத்தை உருவி எடுத்து, கேள்வி கேட்டவன் தலையில் போடுவது பவுலுக்கே செய்கிற அநியாயம்.

இதுவரை எழுதியது பார்வோனுக்காக. ஆனால் தம்பி, நியாயம் என்று பேச வந்தால் பார்வோன் கஷ்டமான கேஸே இல்லை. யாத்திராகமம் 11:5ஐ எடு, தலைப்பிள்ளைகள் எல்லாம் சாகும் கடைசி வாதை. சிங்காசனத்தில் இருக்கிற பார்வோனுடைய தலைப்பிள்ளை முதல், ஏந்திரம் அரைக்கும் அடிமைப்பெண்ணின் தலைப்பிள்ளை வரைக்கும். அடுத்த அதிகாரத்தில் சிறையில் கிடக்கிறவனின் தலைப்பிள்ளையும் சேர்கிறது. சண்டே ஸ்கூலில் தவளை வாதையைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், நாங்களும் கத்திக் காட்டுவோம். ஏந்திரம் அரைக்கிறவளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அவள் யாரை அடிமைப்படுத்தினாள்? அவளே அடிமை. விடிந்ததும் அவள் மாவரைத்தால்தான் எஜமான் வீட்டில் அடுப்பு எரியும். இஸ்ரவேலரைப் போகவிடவோ பிடித்துவைக்கவோ அவளிடம் யாரும் கேட்கவில்லை. இஸ்ரவேல் என் சேஷ்டபுத்திரன் (தலைப்பிள்ளை), அவனை விடாவிட்டால் உன் சேஷ்டபுத்திரனைக் கொல்லுவேன் என்ற எச்சரிப்பு பார்வோனுக்குக் கொடுக்கப்பட்டது. இவளுக்கு யார் வந்து சொன்னது? பார்வோனின் சித்தத்தைப் பற்றி மூவாயிரம் பக்கம் எழுதினாலும் இவள் கணக்கு தீராது. பிள்ளைகள் மோட்சம் போயிருக்கும் என்பதும், எகிப்தியர் எல்லாருக்குமே அந்தப் பாவத்தில் பங்குண்டு என்பதும் வழக்கமான ஆறுதல்கள். முதலாவது, கதை சொல்லாதது. இரண்டாவது, அவளைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தக் கேள்வியை வேதம் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறது. நம்மை மிரட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. தேவன் அழிக்கப்போன சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாம், சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்று கேட்டு, அதைக் காப்பாற்றப் போதுமான நீதிமான்களின் எண்ணிக்கையை ஐம்பதிலிருந்து பத்து வரைக்கும் குறைத்துக்கொண்டே வருகிறார். தேவன் அவரை உட்கார வைக்கவில்லை. பத்துக் கட்டளையில் பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை பிள்ளைகளிடத்தில் விசாரிப்பதாக இருக்கிறது. உபாகமம் 24:16, பிதாக்களுக்காகப் பிள்ளைகளைக் கொல்லக்கூடாது என்று மனுஷருக்குச் சட்டம் போடுகிறது. கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர் எசேக்கியேல். ஊரிழந்து வந்து, அப்பன் தின்ற திராட்சக்காய்க்குப் பிள்ளையின் பல் கூசுகிறது என்று பழமொழி சொல்லிக்கொண்டிருந்த ஜனங்களிடம், இனி இந்தப் பழமொழியே கூடாது, பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும் என்று ஒரு முழு அதிகாரம் வாதாடுகிறார். சட்டமே அவர்கள் கையில் இருந்தும் இவ்வளவு வாதாட வேண்டியிருந்தது.

பிறகு யோனா. நினிவே பட்டணத்தை ஏன் அழிக்கவில்லை என்று தீர்க்கதரிசி கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கர்த்தர் சொல்லும் காரணம் என்ன? வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மனுஷர் அங்கே இருக்கிறார்கள், ஏராளமான மிருகங்களும் இருக்கின்றன, நான் பரிதபிக்க வேண்டாமா என்கிறார். ஏந்திரம் அரைக்கும் பெண்ணின் பிள்ளைக்காக எகிப்தில் எந்த வாதத்தை நீயும் நானும் வைப்போமோ, அதே வாதத்தை நினிவேக்காக அவரே வைக்கிறார்.

யாத்திராகமம் 12ஐயும் யோனா 4ஐயும் சமரசம் செய்துவைக்க எனக்குத் தெரிந்த எந்த விளக்கமும் அந்த அடிமைப்பெண்ணின் பக்கத்தில் நின்று பேசவில்லை. ஆகவே நான் சமரசம் செய்யப் போவதில்லை. இரண்டில் எதை வைத்து எதை வாசிப்பாய் என்று கேட்டால், யோனாவின் கடைசி வசனத்தை வைத்துத்தான் எகிப்தின் நடுராத்திரியை வாசிப்பேன். வேதத்துக்குள்ளும் எகிப்தைப் பற்றிய கடைசிப் பேச்சு அந்த ராத்திரி அல்ல. எகிப்தியனை அருவருக்காதே, அவன் தேசத்தில் நீ பரதேசியாய் இருந்தாயே என்று உபாகமம் சொல்கிறது. எகிப்தியர் ஒடுக்கப்பட்டுக் கூப்பிடும்போது அவர்களுக்கும் ஒரு இரட்சகனை அனுப்புவார் என்று ஏசாயா 19 சொல்கிறது. அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தில், எகிப்து ‘என் ஜனம்’ என்று அழைக்கப்படுகிறது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றியும் கேட்டிருந்தாய். எழுதியிருக்கிறபடியேதான் நடந்தது என்றால் அவன் மேல் என்ன குற்றம் என்று. மத்தேயு 26:24இல் ‘எழுதியிருக்கிறபடியே’ என்பதும் ‘அந்த மனுஷனுக்கு ஐயோ’ என்பதும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன, பார்வோன் கதையின் அதே இரண்டு சொந்தக்காரர்கள். 27ஆம் அதிகாரத்தில் அவன் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனபோது பிரதான ஆசாரியர் சொன்ன பதிலையும் வாசித்து வை. அவன் மனஸ்தாபப்பட்டு வந்து நின்ற இடத்தில் இருந்தவர்கள் அவர்கள்தான். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா