கஞ்சிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வயிற்றுப்போக்கு கண்டவர்கள் என்ன சாப்பிடலாம் என்று உடல்நலப் பக்கங்களில் எழுதும்போது ஆப்பிள், டோஸ்ட், ஓட்ஸ், வேகவைத்த கேரட் என்று ஒரு பட்டியல் தவறாமல் வருகிறது. அதைப் படித்துவிட்டு, அன்றாடம் மீன் விற்று அரிசி வாங்கும் வீட்டில் ஒரு தாய் ஆப்பிளுக்குக் காசு தேடியதை நான் பார்த்திருக்கிறேன். அவள் அடுப்படியில் அரிசி இருந்தது, உப்பு இருந்தது, சீரகம் இருந்தது. பிள்ளைக்கு அது போதும். பாம்பன் பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கரை வீடுகளில் இருப்பதை வைத்தே வயிற்றைத் தேற்றலாம் என்று உங்கள் பத்திரிகை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வயிறு கெடத் தண்ணீர்தான் முதல் காரணம். கடலோரத்தில் பல இடங்களில் தோண்டினால் உப்புக் கரிக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும் நாளில் பிடித்து டிரம்மிலும் தொட்டியிலும் சேர்த்து வைக்கிறோம். போதாததை வண்டித் தண்ணீராகக் குடக் கணக்கில் வாங்குகிறோம். அந்த டிரம்முக்குள் ஒரு நாளில் எத்தனை கை, எத்தனை சொம்பு போய் வருகிறது! மணலில் தோண்டிய ஊற்றை நம்பியிருக்கும் குடும்பங்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கக்கூஸ் குழித் தண்ணீர் ஊற்றில் கலந்துவிட்டால் தெருவே படுத்துவிடும். கருவாடு காயும் இடத்து ஈயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைப்பதையும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் பற்றி நீங்களே நிறைய எழுதியிருக்கிறீர்கள். வயிறு கெட்ட பிறகு வீட்டில் நடப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

"வயித்தாலே போகுதா? ஒண்ணும் குடுக்காதே, வயிறு காயட்டும்" என்பார் வீட்டில் மூத்தவர். பிள்ளை துவண்டு போனதும் குளுக்கோஸ் ஏற்றத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நடுவில் செய்ய வேண்டியதெல்லாம் விட்டுப் போகும். பட்டினி போட்டால் போக்கு நிற்காது, பிள்ளைதான் இளைக்கும். புண்பட்ட குடல் ஆறுவதற்கே சாப்பாடு வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கும் முன்னால், உடம்பிலிருந்து போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடிப் பொட்டலத்தை இலவசமாகவே கொடுக்கிறார்கள். 1 லிட்டர் பொட்டலம் என்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி டம்ளரில் போட்டால் அளவு கெட்டுவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பொட்டலம் கைவசம் இல்லாத ராத்திரியில் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் தூள் உப்பு. குழம்புக்கு உப்பு அள்ளிப் போடும் கைப்பழக்கம் இங்கே உதவாது, உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் திரும்பவும் ஊட்ட வேண்டும்.

"குடுத்துக்கிட்டேதான் இருக்கேன், போக்கு நிக்கலையே டீச்சர்" என்று என்னிடம் எத்தனையோ தாய்மார் அழுதிருக்கிறார்கள். இந்தத் தண்ணீர் போக்கை நிறுத்துவதற்கு இல்லை. போக்கு தானாக அடங்கும்வரை உடம்பு வறண்டு போகாமல் காப்பதற்கு. சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதும் அல்ல. குடல் சர்க்கரையை உள்ளே இழுக்கும்போது உப்பையும் சேர்த்து இழுக்கிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. பேதி ஆகிக்கொண்டிருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையோரம் பங்கான் ஊர் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் டிரம் டிரம்மாகக் கரைத்து வைத்து, கூட இருந்த சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நோய் வந்த 100 பேரில் 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நம்புகிறவர்கள் அவர் கதையைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஒன்றைக் கோபத்தோடேயே சொல்கிறேன். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு, நிறையச் சர்க்கரை சேர்த்த பழச்சாற்று அட்டைப் பெட்டிகள் மருந்துக் கடையில் வெகுகாலம் விற்றன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று தடுத்துவிட்டது. ஆனாலும் பழைய பழக்கத்தில் வண்ணப் பெட்டியைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கலர், சோடா வகையும் அப்படித்தான். சர்க்கரை அளவுக்கு மீறிப் போனால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். தங்கச்சிமடம், உச்சிப்புளிப் பக்கம் தென்னைக்குக் குறைவில்லை, இளநீர் தாராளமாகக் குடிக்கலாம். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் கரைசலோடு சேர்த்துக் குடிக்கலாம், கரைசலுக்குப் பதிலாக ஆகாது.

சரி, கஞ்சிக்கு வருகிறேன். பச்சரிசியோ புழுங்கலோ, ஒரு கைப்பிடியை வெறும் சட்டியில் லேசாகச் சிவக்க வறுத்து, நொய்யாக உடைத்துக்கொள்ள வேண்டும். அரிசியைப் போல் பத்துப் பங்கு தண்ணீர் வைத்து, கால் டீஸ்பூன் சீரகம் போட்டு, பருக்கை கையில் மசியும்வரை வேகவிட வேண்டும். உப்பு கடைசியில். வாந்தி இருக்கும் நாளில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் டம்ளரில் எடுத்து மெதுவாக உறிஞ்சக் கொடுக்கலாம். வாந்தி நின்றதும் பருக்கையோடு கொடுக்கலாம். அரிசியின் மாவு வயிற்றுக்குள் மெல்ல மெல்லக் குளுக்கோஸாகப் பிரிகிறது, அதனால் உப்புப் போட்ட கஞ்சியும் தண்ணீரை உள்ளே இழுக்க உதவுகிறது. கீழக்கரைப் பக்கத்து நோன்புக் கஞ்சி எனக்கும் பிரியம், ஆனால் தேங்காய்ப்பாலும் கறியும் சேர்ந்த அந்தக் கஞ்சி தேறின பிறகு குடிக்க வேண்டியது.

சித்திரைக்கார் அரிசிக் கஞ்சிதான் உடம்புக்கு நல்லது என்று எங்கள் மாவட்டத்தில் பெரியவர்கள் சண்டைக்கே வருவார்கள். நல்லதுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் தவிடு போகாத சிவப்பரிசி செரிக்க நேரமெடுக்கும். முதல் இரண்டு நாள் வெள்ளை நொய், அப்புறம் சித்திரைக்கார் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பழைய சோற்றிலும் கவனம் வேண்டும். கொதிக்காத டிரம் தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்த சோற்றை, அதே தண்ணீரால் வயிறு கெட்டவனுக்குக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பதுதான் வீட்டில் பெரிய சண்டை. ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளைகிற மண்ணில் பிறந்த நாக்கு சும்மா இருக்காது. ஊறுகாய், கருவாடு, எண்ணெயில் பொரித்த மீன் எல்லாம் கொஞ்ச நாள் தள்ளி நிற்கட்டும். வாழைக்காயைத் தோலோடு அவித்து உரித்து, உப்புப் போட்டு மசித்துக் கொடுங்கள். காய்க்குள் இருக்கும் மாவு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போய், அங்கே நொதித்து, உப்பையும் தண்ணீரையும் குடல் உறிஞ்ச உதவுகிறது. பிள்ளைகளின் நீடித்த வயிற்றுப்போக்கு இதனால் குறைவதை வங்கதேசத்தில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் இட்லி, தேங்காய்ப்பால் ஊற்றாத இடியாப்பம், நன்றாகக் குழைந்த பாசிப்பருப்புச் சோறு, வாழைப்பழம். மூன்றாம் நாள் கிழங்கான் கிடைத்தால் விடாதீர்கள். கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை, பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் எங்கள் பக்கம் தேடி வாங்குகிற மீன். மஞ்சள், சீரகம், இரண்டு பல் பூண்டு, உப்புப் போட்டு அவித்து, முள் எடுத்து, குழைந்த சோற்றில் பிசைந்து ஊட்டினால் விழுந்து கிடந்த பிள்ளை எழுந்து உட்காரும். சாளை மாதிரி கொழுப்பு மிகுந்த மீன்களுக்கு அவசரம் வேண்டாம்.

பெரியவர்கள் டீயும் பன்னும் போதும் என்று படுத்துக் கிடப்பார்கள். சில நாட்களுக்குப் பால் சேர்த்த டீயைத் தவிர்ப்பது நல்லது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கவைக்கும் நொதி குடலின் மேல்தோலில்தான் இருக்கிறது. பேதியில் அந்தத் தோல் புண்படுவதால் பால் சிலருக்கு உப்புசத்தையும் போக்கையும் கொண்டுவரும். கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுக் கடைந்த மோரில் உப்பும் கறிவேப்பிலையும் போட்டுக் குடித்தால் அந்தத் தொந்தரவு குறைவு.

போக்கு நின்றதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த 2 வாரத்துக்குப் பிள்ளைக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகச் சாப்பாடு வேண்டும், இளைத்த உடம்பு அப்போதுதான் திரும்பும். துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10 மில்லிகிராம் என்று 10 முதல் 14 நாள்வரை கொடுக்கச் சொல்வார்கள். வயிறு சரியானதும் பாதி மாத்திரை அலமாரியில் கிடக்கும். நர்சம்மா கொடுத்ததை முழுசாகக் கொடுத்து முடியுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் ஐஸ், டீசல் ஏற்றும்போதே இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். நடுக்கடலில் வயிறு கெட்டால் கரை திரும்ப எத்தனை நேரம் ஆகும் என்று அவர்களுக்கே தெரியும்.

கஞ்சியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி, கண் குழிவிழுதல், வெகுநேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிவது, பிள்ளை எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, இவற்றில் ஒன்று கண்டாலும் 108க்குப் பேசி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் இன்னும் சீக்கிரம். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

மழைக்காலம் தொடங்கும் முன்பே உங்கள் மாவட்டப் பக்கத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒரு லிட்டர் பாட்டில், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு என்று படமாகப் பெரிதாகப் போடுங்கள். எங்கள் தெருக்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அப்பத்தாவும் அம்மாச்சியும்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் வெட்டி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி அந்தப் படம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.