போர்வைக் கடைக்கு எந்த ஃபிரேம்வொர்க்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வலைத்தளம் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகளான ஃபிரேம்வொர்க்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பார்ப்பவரின் பிரவுசரில் திரையை உருவாக்கும் ரியாக்ட், ஆங்குலர், வியூ மூன்றையும் பொறுமையாக ஒப்பிட்டிருந்தார் கட்டுரையாளர். ஆனால் போட்டியே இந்த மூன்றுக்குள்தான் என்பது போல எழுதிவிட்டு, தளம் இருக்கும் கணினியான சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் ஜாங்கோவையும் லாராவெல்லையும் ‘பழைய முறை’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். பதினோரு வருடமாக ஈரோட்டில் சிறு வியாபாரிகளுக்கு வலைத்தளம் செய்து கொடுத்துவருகிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சில வருடங்களுக்கு முன் சென்னிமலைப் போர்வை விற்கும் மொத்தக் கடை ஒன்றுக்குத் தளம் செய்தோம். எழுபது எண்பது டிசைன், அதன் விலை, சரக்கு இருக்கிறதா இல்லையா, வாட்ஸ்அப்பில் விசாரிக்க ஒரு பட்டன். தேவை அவ்வளவுதான். நாங்கள் முழுவதையும் ரியாக்டில் எழுதினோம். ஆபீஸ் ஃபைபர் இணைப்பில் கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்தது. ஒப்படைத்த மறுவாரம் கடைக்காரர் போன் செய்தார்: “ஏனுங்க, வெளியூர் யாவாரி ஒருத்தரு பஸ்ல இருந்து பாக்கறாருங்க. வெள்ளையாவே நிக்குதுங்களாமா. போர்வை எங்கீங்க?”

அன்று சாயந்திரமே அவர் குடோனுக்குப் போனேன். உள்ளே சிக்னல் ஒரு கோடுதான். விலை குறைந்த போன் ஒன்றில் தளத்தைத் திறந்து மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு வரை வெறும் வெள்ளைத் திரை. அப்புறம் சுற்றும் வட்டம். அதற்கும் பிறகுதான் முதல் போர்வை வந்தது.

தவறு ரியாக்டுடையது அல்ல, அதை அங்கே கொண்டுபோய் வைத்த எங்களுடையது. நாங்கள் செய்த முறையில் சர்வர் முதலில் அனுப்பும் ஹெச்டிஎம்எல், அதாவது பக்கத்தின் உள்ளடக்கம், கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். ‘ரூட்’ என்று பெயர் வைத்த ஒரு டிவ், அதாவது ஒரு வெற்றுப் பெட்டி, அவ்வளவுதான். திரையை உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்பு முழுதாக இறங்க வேண்டும், போன் அதைப் படித்து ஓட்ட வேண்டும், ஓடிய பிறகு அது மறுபடி சர்வரிடம் போய் விலைப்பட்டியலைக் கேட்க வேண்டும். பட்டியல் வந்த பிறகே திரையில் எழுத்து தெரியும். ஜாங்கோவிலும் லாராவெல்லிலும் வழக்கமான முறையே வேறு. சர்வரே டெம்ப்ளேட் என்ற பக்க மாதிரியில் பெயரையும் விலையையும் நிரப்பி அனுப்பிவிடும். படம் வரத் தாமதமானாலும், ‘டபுள் போர்வை, இவ்வளவு ரூபாய்’ என்ற எழுத்து முன்னால் வந்து நிற்கும். ஜாங்கோவில் திரும்ப எழுதி, அதே குடோனில், அதே போனில் திறந்தேன். மூன்று எண்ணுவதற்குள் விலை தெரிந்தது.

கூடவே இன்னொன்றும் கிடைத்தது. என்னென்ன விவரம் வேண்டும் என்று மாடல் என்ற தரவு வரையறையில் எழுதிவிட்டால், அவற்றைச் சேர்க்கவும் திருத்தவும் அழிக்கவும் ஒரு அட்மின் பக்கத்தை ஜாங்கோவே தந்துவிடுகிறது. கடையில் பில் போடும் பெண்மணி இன்று புது டிசைன் வந்தால் தானே ஏற்றிவிடுகிறார். இந்த வசதி ஏன் வந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல எனக்குத் தனி ஆசை. ஜாங்கோ பிறந்தது ஒரு பத்திரிகை அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற நாளிதழின் வலைப் பிரிவில் ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-ல் எழுதத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் எல்லோருக்கும் வெளியிட்டார்கள். செய்தி கையில் இருக்கும்போது, அதை ஏற்ற நிரலாளர் வரட்டும் என்று யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ரியாக்ட் பிறந்த இடம் வேறு. ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வாக் எழுதியது, 2013 மே மாதம் வெளியானது. லைக், கமென்ட், அறிவிப்பு, சாட் என்று ஒன்று மாறினால் நாலு இடத்தில் திரை மாற வேண்டிய இடம் அது. ஒவ்வொன்றையும் நிரலாளர் தனித்தனியாக மாற்றினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். தரவு இப்படி இருந்தால் திரை இப்படி இருக்கும் என்று எழுதிவிட்டால், மாறியதை மட்டும் ரியாக்ட் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஒரு நூல் மில்லில் எந்த மெஷின் ஓடுகிறது, எது நிற்கிறது என்று ஒரே திரையில் காட்டும் வேலை வந்தபோது ரியாக்டைத்தான் எடுத்தோம். இன்று கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

ஜாங்கோ பெரிய தளத்துக்குத் தாங்காது என்று மாணவர்கள் என்னிடம் சொல்வதுண்டு. இன்ஸ்டாகிராமின் சர்வர் பக்கம் ஜாங்கோவில் கட்டப்பட்டது. ரியாக்டை முதலில் எடுத்துக்கொண்ட வலைத்தளங்களில் ஒன்றும் அதே இன்ஸ்டாகிராம்தான். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும்போது எதற்கு இந்தச் சண்டை? ‘பழைய முறை’ என்பதும் சரியில்லை. ரியாக்டே இப்போது சர்வர் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19, சர்வரிலேயே ஓடும் காம்பொனென்ட்டுகளை, அதாவது திரையின் துண்டுகளை, நிலைப்படுத்தியது. வெறும் டிவ்வோடு தொடங்கும் தளங்களை வருடக்கணக்கில் எல்லோரும் எதை வைத்து உருவாக்கினோமோ, அந்தக் கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே கைவிட்டது.

கட்டுரை தொடாத இன்னொரு விஷயம் ஆயுள். 2010-ல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸும் 2016-ல் வந்த ஆங்குலர் 2-ம் பெயரில்தான் சொந்தம். உள்ளே அடியோடு வேறு. பழையதற்கான ஆதரவு 2021 இறுதியோடு முடிந்தது. வியூ 2-க்கு 2023 இறுதி. பெரிய நிறுவனத்தில் இதைச் சமாளிக்க ஆள் இருப்பார்கள். போர்வைக் கடைக்காரர் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் தளத்துக்குச் செலவழிப்பார். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் வேறொருவர் அதைத் திறந்து சரிசெய்ய முடிய வேண்டும். லாராவெல்லின் மொழியான பிஎச்பி தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள் என்பதாலேயே சிலருக்கு லாராவெல்லில் செய்து கொடுத்திருக்கிறேன்.

வேலை விளம்பரங்களில் ரியாக்ட்தான் அதிகம் கண்ணில் படுகிறது என்பது எனக்கும் தெரியும். மாணவர்கள் அதைப் படிக்கட்டும். ஆனால் இந்தத் தொடரின் அடுத்த பகுதியில் சர்வர் பக்கத்துக்கு ஒரு முழுக் கட்டுரை வேண்டும். ஒரே விலைப்பட்டியலை ரியாக்டில் ஒருமுறை, ஜாங்கோவில் ஒருமுறை எழுதி, இரண்டையும் ஓடும் பஸ்ஸில் விலை குறைந்த போனில் திறந்து பார்த்து, கண்டதை அப்படியே வெளியிடுங்கள். நிரல் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஈரோடு.