ஒரே விதையின் நாற்றும் கதிரும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள வேலாயுதனுக்கு,

உன் முழங்கால் வலி தணிந்து மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்றறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கே எல்லோரும் நலம். செல்வி விடுமுறைக்கு வந்து ஒரு வாரம் தங்கிப் போனாள். அவள் விட்டுச்சென்ற ஒரு கேள்வி என்னை இன்னும் விட்டபாடில்லை.

அவள் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்கள் யாவும் ஒரே தாய்ச்செல்லின் வழிவந்தவை, ஊட்டமும் ஒன்றே. ஆயினும் ஒளிரும்படி குறியிட்ட ஒரு புரதம் ஒரு செல்லில் மங்கலாகவும் பக்கத்துச் செல்லில் இருமடங்கு பிரகாசமாகவும் தெரிகிறதாம். இது ஏன் என்பதே அவள் கேள்வி. 2002-இல் மைக்கேல் எலோவிட்ஸும் உடன் ஆய்ந்தோரும் ஈ. கோலை பாக்டீரியாவில் இரு நிற ஒளிர்புரதங்களை வைத்து, மரபணு வெளிப்பாட்டிலேயே, அதாவது மரபணுவின்படி புரதம் உருவாவதிலேயே, தற்செயல் உண்டு என்று காட்டினார்களே, அதையே காரணமாக எழுதிவிட இருந்தாள். ஆனால் அந்தச் சோதனையிலேயே, இரு நிறங்களும் சேர்ந்து ஏறி இறங்கும் பங்கு தனியே பிரித்துக் காட்டப்பட்டது. அது செல் முழுவதற்கும் பொதுவான நிலையால் வருவது, செல் பிறந்து வளர்ந்து இரண்டாகப் பிரியும் வரையிலான செல் சுழற்சியில் அது நிற்கும் கட்டமும் அதில் அடங்கும்.

அவளுக்கு நம் மூலத்தறை வாய்க்காலைக் காட்டித்தான் விளக்கினேன். தலைமடையில் முந்தி நட்ட வயலில் கதிர் பால் பிடித்திருக்கும்போது, தண்ணீர் பிந்தி வந்த கடைமடையில் நாற்று இன்னும் வேர் பிடித்துக்கொண்டிருக்கும். அன்று ஒரே ஒரு நிழற்படம் எடுத்துப் பார்ப்பவன் விதையே வேறு என்பான்.

செல்லிலும் அப்படித்தான். சுழற்சியில் எஸ் எனப்படும் கட்டத்தில் டி.என்.ஏ. இரட்டிக்கும்போது மரபணுவின் படிகளும் இரட்டிக்கின்றன. பிரியப்போகும் செல், அப்போதே பிரிந்த செல்லைவிட ஏறத்தாழ இருமடங்கு பருமனுடையது. ஆகவே அடர்த்தி சற்றும் மாறாத புரதங்கூட மொத்த அளவில் இருமடங்காகத் தெரியும். தடையின்றிப் பெருகும் கூட்டத்தில், எல்லாச் செல்லுக்கும் பிரிவதற்கு ஒரே கால அளவு என்று கொண்டால், பிரியும் தறுவாயில் உள்ளவற்றைப் போல் இருமடங்கு புதுச்செல்கள் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இவை பொதுவானவை, இதற்கு மேல், பிரிவைத் தூண்டும் சைக்ளின் பி போன்ற புரதங்கள் பிரிவை நோக்கிச் சேர்ந்து, பிரிவின்போதே அழிக்கப்படுகின்றன. 2021-இல் எம்மா லுண்ட்பெர்க்கின் குழு மனிதச் செல்களில் கண்டது எனக்குப் பெரும் வியப்பு: சுழற்சியோடு அளவு மாறும் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு, மரபணுவின் செய்தியைப் புரத உருவாக்கத்துக்குக் கொண்டுசெல்லும் ஆர்.என்.ஏ.வின் அளவு அதற்கேற்ப மாறவில்லை. ஆர்.என்.ஏ.வை மட்டும் எண்ணிப் புரதத்தைக் கணிப்பவர்கள் இங்கே வழி தவறுவார்கள் என்றே நினைக்கிறேன்.

எல்லாம் சுழற்சியே என்று நான் சொல்லவில்லை. சில மூலக்கூறுகளே உள்ள புரதம் பிரிவின்போது இரு மகள்செல்களுக்கும் சமமாகப் போய்ச் சேர்வது அரிது. அது மெய்யான தற்செயல். ஆகவே டி.என்.ஏ.வுக்குச் சாயமிட்டு ஒவ்வொரு செல்லின் கட்டத்தையும், அதோடு பருமனையும் அளந்துவிட்டு, எஞ்சும் வேறுபாட்டை மட்டுமே தற்செயலின் கணக்கில் எழுதச் சொன்னேன். ஊட்டத்தை நிறுத்தி எல்லாச் செல்லையும் ஒரே கட்டத்தில் நிறுத்தலாமே என்று கேட்டாள். பட்டினி போட்ட செல்லின் புரதங்கள் பட்டினியாலேயே மாறிவிடும் என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. நீ என்ன சொல்வாய்? அடுத்த மாதம் அவள் மீண்டும் வருகிறாள். நீயும் பொள்ளாச்சியிலிருந்து ஒரு நாள் வந்தால் மூவரும் அவளுடைய அளவுகளை வைத்துக்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
சிதம்பரம்