பிரஸ் ஷாப் முதலாளிகளுக்கு ஒரு டை செட்டர் எழுதும் திறந்த மடல்

வட சென்னையில் வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, கொடுங்கையூர், மணலிப் பக்கம் ஷெட் போட்டு, தகட்டை அடித்து வெட்டி வளைக்கும் பவர் பிரஸ் ஓட்டும் முதலாளிகளுக்கு, வணக்கம்.

பிரஸ்ஸில் டையை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை, ஏற்றித் தருகிறவன் நான். இந்த மடலை அதிகாரிகளுக்கு எழுதியிருக்கலாம். பயனில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்று இருந்தது. 2020-ல் நிறைவேறிய சட்டத்தொகுப்பில் அந்தக் கணக்கு 20 ஆகிவிட்டது. இரண்டு பிரஸ், ஒரு டிரில்லிங் மெஷின், ஆறேழு பசங்க என்று ஓடும் ஷெட்டுக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. உள்ளே நீங்கள் வைத்ததுதான் சட்டம்.

விஷயம், பிரஸ்ஸில் போகும் விரல்.

ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுதான்: "பையன் கவனமில்லாம கையை வுட்டுட்டான்." சில நொடிக்கு ஒரு அடி, ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கில் அடி, அதற்குமேல் ராத்திரி ஓவர்டைம். பழக்கத்தில் போய் வரும் கை அது. ஏதோ ஒரு அடியில் கால் முந்தும், கை பிந்தும். "பார்த்து ஓட்டுடா" என்று எத்தனை தடவை கத்தினாலும் அந்த ஒரு அடி வரத்தான் செய்யும்.

நம் ஷெட்டுகளில் இருப்பது பெரும்பாலும் பழைய பின் கிளட்ச் பிரஸ். பெடலை மிதித்ததும் பின் என்கிற இரும்பு முளை, ஃப்ளைவீல் என்கிற சுற்றும் கனச் சக்கரத்தோடு கோத்துக்கொள்ளும். கோத்துவிட்டால் மேலிருந்து அடிக்கும் ராம் இறங்கி, ஏறி, ஒரு சுற்று முடித்துத்தான் விடும். நடுவில் நிறுத்த வழியே இல்லை. சிவப்பு பட்டனை அடித்தால் மோட்டார்தான் ஆஃப் ஆகும். ஃப்ளைவீல் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். யாரோ சொன்னார்கள் என்று இந்த மெஷினுக்குச் சென்சார் வாங்கி மாட்டியவர்கள் உண்டு. சென்சார் கையைப் பார்த்துவிடும், சரி. பார்த்து என்ன செய்யும்? அது நடுவில் நிறுத்த முடிகிற, ஏர் கிளட்சும் பிரேக்கும் உள்ள மெஷினுக்கான சாமான். இன்னொன்று, பின் தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ மிதிக்காமலே மறு அடி இறங்கும். அப்போது பீஸை எடுக்கக் கை விட்டவனைக் கவனமில்லாதவன் என்று எந்த வாயால் சொல்வது?

இதற்கு ஏற்றது கூண்டுதான். டையைச் சுற்றித் தகட்டிலோ கம்பியிலோ அடித்து, போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள். நீளத் தகடான ஸ்ட்ரிப் நுழைய முன்பக்கம் 6 மில்லிமீட்டர் சந்து போதும். தகடு போகும், விரல் போகாது. ஷெட்டில் கிடக்கும் துண்டுத் தகடும் கொஞ்சம் வெல்டிங்கும்தான் செலவு. வெட்டிய துண்டுத் தகடான பிளாங்கை ஒவ்வொன்றாகக் கையால் வைத்து வளைக்கிற வேலைக்குக் கூண்டு ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இடுக்கி, காந்தம், அல்லது சறுக்கிக்கொண்டு போகும் தட்டு. பெடலுக்கு ஒரு மூடி போடுங்கள். கை தவறி விழும் ஸ்பானரும் பெடலை அமுக்கும்.

கூண்டு பல இடத்தில் இருக்கத்தான் செய்கிறது, மூலையில். ஆயுத பூஜைக்குத் துடைத்து அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார்கள். மறுநாள் திரும்ப மூலைக்கே போய்விடும். இரண்டு கை பட்டன் வைத்த மெஷினில் ஒரு பட்டனைச் சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். கட்டியது பையன்தான், சந்தேகமில்லை. ஆனால் பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியை, கூண்டு மூலையில் கிடக்கும்போது வருகிற எண்ணிக்கையை வைத்துப் பேசினால் அவன் கட்டாமல் என்ன செய்வான்? கூண்டைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வருகிற எண்ணிக்கைக்கு ரேட் பேசுங்கள். ஆர்டர் பிடிக்கும்போதும் அந்தக் கணக்கையே சொல்லுங்கள்.

டை மாற்றும்போது மெயின் ஆஃப், ஃப்ளைவீல் நிற்கும் வரை பொறுமை, ராமுக்கு அடியில் கட்டை. இது என் கை, இதில் பேரம் கிடையாது. டிரில்லிங் மெஷினில் துணிக் கையுறை மாட்டச் சொல்லும் நல்லவர்கள் உடனே கழற்றச் சொல்லுங்கள். பிட்டில் ஒரு நூல் சிக்கினால் கையோடு சேர்த்துச் சுற்றிவிடும். கிரைண்டருக்குக் கண்ணாடி வேண்டும் என்பதை எழுதவே அலுப்பாக இருக்கிறது.

அப்படியும் விரல் போய்விட்டால் நேராக ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய கை அறுவை சிகிச்சைத் துறை நாடு முழுக்கப் பேர் வாங்கியது. நமக்கோ ஆட்டோ தூரம்தான். ஒரு ஷெட்டில் டிபன் பாக்ஸில் ஐஸ்கட்டியைக் கொட்டி, அதன்மேல் விரலை வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசுதான், ஆனால் ஐஸ் நேராகப் பட்டால் சதை கெட்டுப்போகும். சுத்தமான ஈரத் துணியில் விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். காயத்தில் சுத்தத் துணியை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியே கொண்டுபோங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். கத்தியில் துண்டான விரலைப்போல் பிரஸ்ஸில் நசுங்கியது சுலபமாக ஒட்டாது. இருந்தாலும் ஒட்டுமா ஒட்டாதா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அங்கே போய் "வீட்ல அருவாமனைல வெட்டிக்கிச்சுன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நசுங்கலுக்கும் வெட்டுக்கும் டாக்டருக்கு வித்தியாசம் தெரியாதா? 10 பேர் இருந்தால் ஈஎஸ்ஐ உண்டு. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அந்த ஒரு பொய் அவனுக்கு அதை இல்லாமல் செய்துவிடும். ஈஎஸ்ஐ இல்லாத ஷெட்டில் இழப்பீடு உங்கள் தலையில். இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணையில் முழு ஆள்காட்டி விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு, கட்டைவிரலுக்கு 30. விரலுக்கு விரல் விலை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூண்டுக்கு அளவெடுக்கத் தெரியவில்லை என்றால் டை ஏற்ற வரும்போது என்னிடம் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம். ஆனால் வருகிற பொங்கல் முடிந்து வேலை தொடங்கும்போது, கூண்டோ இடுக்கியோ இல்லாத பிரஸ்ஸில் நான் டை ஏற்றுவதாக இல்லை. வேறு செட்டரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அவர்களிடமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
எருக்கஞ்சேரியிலிருந்து ஒரு டை செட்டர்